ஏழு மாதம் பச்சைத் தண்ணீர்

அந்த வீட்டில் அவன் காலைத் தூக்கிய இடங்களை இன்றைக்கும் வரிசை தப்பாமல் சொல்வேன். முதலில் வாசல் நிலைக்கால். அடுத்தது என் தகரப் பெட்டி. அப்புறம் கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டுக் கால். கடைசியில் தண்ணீர்ப் பானை வைத்திருந்த கல். தபால்காரர் வீடு வீடாகப் போவதுபோல ஓர் இடம் விடாமல் போவான். ஒவ்வோர் இடத்திலும் நாலு சொட்டு, அதற்குமேல் கிடையாது. நாலு சொட்டுதானே என்று கேட்பவர்கள் ஆண் நாய் வளர்க்காதவர்கள். அடைத்த அறையில் அந்த நாலு சொட்டு பண்ணுகிற வேலை எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில், வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சர்க்கார் மருத்துவச்சியாக இருந்தேன். எனக்கு இருபத்துநாலு வயது. சொந்த ஊர் குளித்தலைப் பக்கம். என்னைக் கட்டிக்கொண்டவர் இரண்டே வருடத்தில் வேறொருத்தியோடு போய்விட்டார். அண்ணன் வீட்டில் எனக்குச் சோறு இருந்தது, இடம் இல்லை. பிரசவப் படிப்புப் படித்து, வேலை வாங்கிக்கொண்டு, யாரும் கேள்விப்பட்டிராத ஒரு மூலைக்கு வந்து சேர்ந்தேன். மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், நம் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் தெலுங்கில் கேட்பார், இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொல்வார், மூன்றாமவர் தமிழில் இரண்டு பேரையும் திட்டுவார். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வலி எடுத்தவள் என்ன சொல்லிக் கத்துகிறாள் என்றே புரியாமல் முதல் மூன்று மாதம் பிரசவம் பார்த்திருக்கிறேன். வலிக்கு பாஷை வேண்டாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்கவாவது பாஷை வேண்டும்.

எனக்கு வீடு கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. எல்லாத் தெருவுக்கும் போகிறவள், எல்லா வீட்டுப் பிள்ளைத் தீட்டையும் கையால் தொடுகிறவள், அவளை எப்படிக் குடிவைப்பது என்று யோசித்தார்கள். கடைசியில் ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டம்மாதான் இரக்கப்பட்டார். தங்கள் வீட்டை ஒட்டிப் புளி போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். கல் பாவிய தரை, கருங்கல் நிலைக்கால், ஒரே ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. எத்தனை கழுவினாலும் புளி வாசனை போகாது. ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இந்த அறை போனால் வேலையும் போய்விடும், வேலை போனால் அண்ணன் வீடுதான். இதை நான் மறந்த நாள் கிடையாது.

வீட்டுக்காரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள், ஆனால் தமிழ் தண்ணீராய் வரும். வாடகை பேசும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நர்சம்மா, நீங்க எந்த வூட்டுக்கு வேணா போங்க, அது உங்க வேலை. ஆனா திரும்பி வந்தா குளிச்சிட்டு, வூடு பூரா கஞ்சலம் தெளிச்சிட்டுத்தான் மத்த வேலை. நமக்குள்ள ஒரே செவுரு பாருங்க, அதுக்கோசரம் சொல்றேன்."

கஞ்சலம் என்று அவர்கள் சொல்வது பசுவின் மூத்திரத்தை. எங்கள் பக்கத்தில் கோமியம் என்போம். அது எனக்குப் புதிதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் யாராவது செத்தால்தான் தெளிப்போம். இங்கே நான் வேலைக்குப் போய்வந்தால் தெளிக்க வேண்டும். காலையில் தன் பசுவின் பின்னால் செம்போடு நின்று அவரே பிடித்து வைப்பார். நான் பிரசவத்துக்குப் போனது தெரிந்தால், திரும்பி வரும்போது என் வாசற்படியில் அந்தப் பித்தளைச் செம்பும் அதன்மேல் ஒரு கொத்து மாவிலையும் தயாராக இருக்கும். நான் தெளித்து முடிக்கிறவரை தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வீடு கொடுத்தவர் அவர் ஒருவர்தான், அதனால் வாயை மூடிக்கொண்டு தெளித்தேன்.

ஊர் என்னைக் கெட்டவளாக நடத்தவில்லை. வலி எடுத்தால் செருப்பு போடக்கூட நேரம் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். பிள்ளை பிறந்து கொடியை அறுத்துக் குளிப்பாட்டிக் கொடுத்ததும், நான் எப்போது போவேன் என்று எல்லோரும் கதவைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். என் கையில் பிறந்த குழந்தைகளை ஒரு மாதம் கழித்துத் தெருவில் பார்த்தால், தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவாள். யாரோடும் பேசாமல் இருந்து இருந்து, ஒரு நாள் தும்மினபோது என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை.

அப்போதுதான் அவன் வந்தான். நான் பிரசவம் பார்த்த ஒரு குடும்பம் கோலார் தங்கவயலுக்கு வேலை தேடிக் கிளம்பிற்று. வண்டியில் சட்டி பானைக்கு இடம் இருந்தது, நாய்க்கு இல்லை. வண்டி போன பாதையை இரண்டு நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், மூன்றாம் நாள் என் பின்னாலேயே வந்துவிட்டான். கறுப்பு நாய், முன்கால் ஒன்று மட்டும் வெள்ளை. பெயர் வைக்கவில்லை, 'டேய்' என்றால் வருவான். ஊர் அவனை நர்சம்மா நாய் என்றது. எனக்கும் அங்கே பெயர் கிடையாது, வெறும் நர்சம்மாதான். ஆக இரண்டு பேரும் சரிக்குச் சரி.

நான் பிரசவத்துக்குப் போனால் அந்த வீட்டு வேலியோரம் படுத்துக் காத்திருப்பான். திரும்பும்போது எனக்கு முன்னால் பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பான். சமைக்கும்போது நான் பேசினால் காதை மட்டும் திருப்புவான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இவ்வளவு நல்ல பிள்ளை, வீட்டுக்குள் வந்தால் மட்டும் காலைத் தூக்குவான்.

அதை நிறுத்த நான் பண்ணாத வித்தை இல்லை. ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தேன். மிளகாய்த் தூள் தூவினேன், அவன் தும்மிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனான், அரைநாள் இருமியது நான்தான். மண்ணெண்ணெய் தடவினேன், எலுமிச்சம்பழம் பிழிந்தேன். விடிந்ததும் ஓடைப் பக்கம் கூட்டிப்போய் ஒரு மரம் விடாமல் நிறுத்திப் பார்த்தேன். எல்லா மரத்துக்கும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கென்று நாலு சொட்டு மீதி வைத்திருப்பான். முதல் மாதம் விளக்குமாற்றால் அடிக்கவும் அடித்தேன். அடித்த பிறகு இரண்டு நாள் என் கையைக் கண்டாலே ஒடுங்கினான். அந்த ஊரில் என்னைக் கண்டு ஒதுங்காத ஒரே உயிரையும் நானே விரட்டிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றிற்று. விளக்குமாற்றை மூலையில் போட்டேன், அதோடு அடி நின்றது.

வீட்டுக்காரம்மாவுக்குச் சுவர் தாண்டி வாடை போயிற்று. அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "நாயி பண்ண எடத்த நல்லா கழுவிட்டு மேல கஞ்சலம் ஊத்துங்க. தீட்டும் போவும், வாடையும் போவும்," என்றார். அன்றிலிருந்து பிரசவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் காலையில் என் படியில் செம்பு வந்தது. நானும் நிலைக்காலிலிருந்து பானைக் கல் வரை ஒழுங்காக ஊற்றினேன். அவனும் ஒழுங்காகப் பின்னாலேயே வந்தான்.

பங்குனி முடியும்போது அவருக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கோச்சிக்காதீங்க நர்சம்மா. சித்திர கழியற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள நாயி திருந்தணும். இல்லன்னா நாயி வேணுமா, வூடு வேணுமா, நீங்களே சொல்லிடுங்க."

அவர் வீட்டுக்காரர் நல்ல மாதிரி. அதிகம் பேசமாட்டார். அவர் ஒரு வழி சொன்னார். குந்தாரப்பள்ளி சந்தையில் காளைக்குக் காயடிக்கிற ஆள் ஒருவர் வருவார், நாய்க்கும் செய்வார், செய்துவிட்டால் இந்தப் புத்தி போய்விடும் என்றார். சந்தை நாளில் அவர் வண்டியிலேயே போனேன், அவன் என் காலடியில் உட்கார்ந்து வந்தான். அங்கே ஒரு காளையை நாலு பேர் கயிறு போட்டுச் சாய்த்து, மரக் கிட்டியை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பெண்கள் கதறியதைக் கேட்டவள் நான். அந்தக் காளை கதறவில்லை, கண்ணை மட்டும் உருட்டிற்று. காயடிக்கிறவர் நிமிர்ந்து, "நாயிக்கு கத்திதாம்மா. பொழைச்சா பொழைக்கும்," என்றார். இவன் என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு சந்தையை வேடிக்கை பார்த்தான். வண்டிக்குக்கூடக் காத்திருக்காமல் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்திரை பிறந்தது. வீடு போகப் போகிறது என்று எனக்கு முடிவாகிவிட்டது. அந்த மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது. ஒன்று, சித்திரையில் எனக்கு வேலை குறைவு. ஆடியில் புதுப்பெண்களைத் தாய்வீட்டுக்கு அனுப்பிப் பிரித்து வைக்கிற வழக்கம் அங்கே மூன்று பாஷைக்காரர்களுக்கும் உண்டு, அதனால் பத்து மாதம் கழித்து வரும் சித்திரையில் தலைப் பிரசவம் வராது. இன்னொன்று, வீட்டுக்காரம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கென்று மாலூர்ப் பக்கம் இருந்த தாய்வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டார். பிரசவமும் இல்லை, செம்பும் வரவில்லை. நான் சும்மா இருக்கமுடியாமல் அடுப்புச் சாம்பலைப் போட்டு வெந்நீர் ஊற்றித் தரையையும் கல்லையும் மூன்று நாள் தேய்த்துக் கழுவினேன். நாலாம் நாள் அவன் காலைத் தூக்கவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. பத்து நாள் ஆயிற்று, வீட்டில் ஒரு சொட்டு இல்லை. என் புலம்பலைக் கேட்டுத் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

வீட்டுக்காரம்மா திரும்பி வந்த மறுநாள் ஒரு பிரசவம். வந்து பார்த்தால் படியில் செம்பு. குளித்துவிட்டு, மாவிலையால் தெளித்துக்கொண்டே உள்ளே போனேன். நிலைக்கால், பெட்டி, கட்டில் கால், பானைக் கல். திரும்பிப் பார்த்தேன். பத்து நாளாக நல்லவனாக இருந்தவன் நிலைக்காலை முகர்ந்தான், காலைத் தூக்கினான். பெட்டியை முகர்ந்தான், தூக்கினான். நான் தெளித்த வரிசையிலேயே, இலையில் சிதறிய சொட்டைக்கூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டு வந்தான்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாளும், அவன் கணக்கில், அவன் வீட்டுக்குள் இன்னொரு மிருகம் வந்து மூத்திரம் பெய்துவிட்டுப் போயிருக்கிறது. அது பசுவா, புனிதமா என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும். இது என் வீடு என்று அவன் திருப்பிச் சொல்லியிருக்கிறான். அதற்கு நான் அடித்திருக்கிறேன், அடித்துவிட்டு அதன்மேல் மறுபடி கஞ்சலம் ஊற்றியிருக்கிறேன். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்து முடித்தபோது அழுகை வந்தது.

விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் யாரிடம் சொல்வது? கஞ்சலம் வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே வீடு போய்விடும். நான் யோசித்து ஒரு திருட்டுத்தனம் பண்ணினேன். செம்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவதுபோலப் பின்பக்கம் போவேன். கஞ்சலத்தை முருங்கை மரத்தடியில் கொட்டிச் செம்பைக் கழுவி, பச்சைத் தண்ணீர் பிடித்து, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சளைப் போடுவேன். வாசலுக்கு வந்து பயபக்தியோடு தெளிப்பேன். வீட்டுக்காரம்மா அங்கிருந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். அவன் ஈரத்தை ஒரு முறை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான். முருங்கை மரத்தை மட்டும் அவனுக்கென்று எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த வருடம் அது காய்த்ததுபோல நான் எங்கேயும் பார்த்ததில்லை.

சித்திரையிலிருந்து கார்த்திகை வரை ஏழு மாதம். ஒரு சொட்டு கிடையாது. "பாத்தீங்களா, கஞ்சலத்தோட மகிமை," என்று வீட்டுக்காரம்மா நாலு பேரிடம் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் என் பின்கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. அதுவரை அவர் என் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, முந்தானை நுனியைப் பிடித்துத் திருகினார்.

"பெரியவனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்கோம் நர்சம்மா. இந்த நேரத்துல எனக்கு அஞ்சு மாசம். அவருக்கே போன வாரந்தான் சொன்னேன். வெளிய தெரிஞ்சா மொகத்த எங்க வெச்சிக்கறது."

அப்புறம் வாரத்தில் இரண்டு மத்தியானம் வந்தார், ஆண்கள் தோப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்து. நான் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். பார்த்து முடித்த பிறகும் போகமாட்டார். மாலூர்ப் பேச்சு, மாமியார் பேச்சு, பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்து பாஷை புரியாமல் மாட்டுக் கொட்டகையில் அழுத பேச்சு. என் கதையையும் கேட்டார். என்னை விட்டுப் போனவரைக் கன்னடத்தில் ஏதோ சொல்லித் திட்டினார், கேட்கச் சுகமாக இருந்தது. நாலாவது தடவை தாகம் என்று என் பானையில் அவரே மொண்டு தண்ணீர் குடித்தார். எப்போது என்று தெரியாமல் நர்சம்மா போய்த் தங்கச்சி ஆயிற்று, நீங்கள் போய் நீ ஆயிற்று. அவன் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருப்பான். "பாவம், அதுக்குந்தான் யாரு இருக்கா," என்பார். போகும்போது கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் நுழைவார் என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன். அந்த மத்தியானங்களுக்காக நான் காத்துக்கிடந்தேன் என்பதுதான் உண்மை.

கார்த்திகைத் தொடக்கத்தில் வலி எடுத்தது. விடிந்து ஆரம்பித்து உச்சி வெயில்வரை இழுத்தது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் வந்தது. கொடியை எடுத்துவிட்டு, வாயைத் துடைத்து ஊதி, முதுகைத் தேய்த்துத் தேய்த்து, அது ஒரு வழியாகச் சிணுங்கியபோதுதான் நிமிர்ந்தேன். வீட்டுக்காரம்மா என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பதினோராம் நாளு தொட்டில்ல நீதான் போடணும் தங்கச்சி. வேற யாரும் கெடையாது."

எனக்கு அதுபோல ஒருவரும் சொன்னதில்லை. அண்ணன் பிள்ளைகளைக்கூட நான் தொட்டிலில் போட்டதில்லை, வாழாதவள் கை ஆகாது என்று அண்ணி ஒதுக்கிவிட்டாள். கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய், குழந்தைக்கு ஒரு மஞ்சள் சட்டையும் எனக்கு ஒரு நூல் புடவையும் வாங்கி வந்தேன்.

பதினோராம் நாள் காலையிலேயே குளித்து அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீடு கூட்டமாக இருந்தது. மாலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தீட்டுக் கழிக்க, வாசலிலிருந்து கொல்லைவரை குடம் குடமாகக் கஞ்சலம் தெளித்தார்கள், எனக்கு வாடை வந்தது. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். தாலாட்டுச் சத்தம் கேட்டது, அப்போதும் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். கடைசியில் வீட்டுக்காரம்மாவின் அக்கா ஒருத்தி வந்தாள். வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்த தட்டை என் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டு, "உங்களுக்கு குடுக்கச் சொன்னா," என்று சொல்லிப் போய்விட்டாள். மஞ்சள் சட்டை என் மடியிலேயே இருந்தது.

நான் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பக்கத்து வீட்டுக்குள் போயிருக்கிறான். அவனுக்குப் பழக்கமான அந்த அம்மாவின் வீடு. உள்ளே புதிதாகத் தெளித்த கஞ்சலம். சுவர் தாண்டிக் கூச்சல் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வாசல் நிலைக்கால், பூரணகும்பம் வைத்திருந்த மணை, கடைசியில் தொட்டில் கால். வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் வரிசை தப்பாமல் செய்திருக்கிறான்.

வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும் என் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். அவன் அதற்குள் என் கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரம்மா கோபமாகப் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நிலைக்காலைப் பார்த்துப் பேசினார்.

"உங்க வூட்ல இத்தன மாசமா ஒரு சொட்டு பண்ணல, நானே பாத்தேன். எப்பிடி நிறுத்தினீங்க, சொல்லுங்க நர்சம்மா. எங்க வூட்லயும் அதயே பண்ணிக்கறோம்."

நர்சம்மா ஆகிவிட்டேன் என்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

அவனைக் காப்பாற்ற அவர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது இன்றைக்குத் தெரிகிறது. ஒரே ஒரு வாக்கியம். கஞ்சலம் தெளிப்பதை நிறுத்தினேன், அவன் நிறுத்திவிட்டான். அதைச் சொன்னால், ஏழு மாதமாக ஊர்த் தீட்டையெல்லாம் அவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் சேர்த்து வைத்தவள் ஆவேன். அவர் என் பானைத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அண்ணன் வீட்டுக் கூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அடிச்சு நிறுத்தினேன்," என்றேன்.

வீட்டுக்காரர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். "அடி வாங்கி திருந்தின நாயி மறுபடி பண்ணுதுன்னா, அது தெரிஞ்சே பண்ணுதுங்க. இனி அடங்காது. நாளைக்கு சந்தை, நான் கொண்டுபோயி விட்டுட்டு வந்துடறேன்," என்றார். வீட்டுக்காரம்மா குழந்தை அழுகிறது என்று திரும்பிப் போனார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் கயிற்றோடு வந்தார். அவன் அவரிடம் போகவில்லை. நான்தான் 'டேய்' என்று கூப்பிட்டேன். வந்தான். நான்தான் கழுத்தில் கயிற்றைக் கட்டினேன், வண்டியில் தூக்கி வைத்ததும் நான்தான். முன்பு ஒரு தடவை என்னோடு வண்டியில் சந்தைக்குப் போனவன், இப்போதும் நான் ஏறுவேன் என்று நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் எழுந்து நின்று என்னைப் பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, மாட்டு வியாபாரி ஒருவர் கோலார்ப் பக்கம் கூட்டிப்போய்விட்டார், நல்ல ஆள், சோறு போடுவார் என்றார். உண்மையா, என் மனசுக்காகச் சொன்னாரா, நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து ஒரு பிரசவம். முடித்து வெளியே வந்தபோது வேலியோரம் பார்த்தேன், பழக்கத்தில். வீட்டுக்கு வந்தால் படியில் செம்பும் மாவிலையும் இருந்தன. குளித்தேன். செம்பை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிவரை போய், கொட்டாமல் திரும்பி வந்தேன். மாவிலையை முக்கி நிலைக்காலில் நன்றாகச் சொட்டச் சொட்டத் தெளித்தேன். பிறகு பெட்டியில், கட்டில் காலில், பானைக் கல்லில். மீதி இருந்ததை மறுபடி நிலைக்காலிலேயே ஊற்றினேன். தெருவில் போகிற காற்றோடு வாடை அவன்வரை போகட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன்.

"இன்னிக்கு நல்லா தெளிச்சீங்க நர்சம்மா," என்றார் வீட்டுக்காரம்மா தன் வாசலிலிருந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

அந்த ஊரில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். ஒரு பிரசவம் விடாமல் அப்படியே தெளித்தேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலைக்கால் காய்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் தெளித்த ஈரம் மட்டும்தான் காய்ந்தது.